படிவம் 1 வகுப்புப் பட்டியலும் நாட்டு ஒற்றுமையும்: இடைநிலைப்பள்ளி அனுபவத்திலிருந்து சில நடைமுறைகள்

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பிள்ளை மலாய், சீனப் பிள்ளைகளோடு நாள் முழுக்க ஒரே வகுப்பில் உட்காருவது பெரும்பாலும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான். சீனப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே நிலைதான். மலாய் மாணவர்களே நிறைந்த தேசியப் பள்ளியில் ஆறு ஆண்டுகளைக் கழித்த பிள்ளைக்கும் அதுவே முதல் அனுபவம். 1956 ரசாக் கல்வி அறிக்கை, 1960 ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கை, 1961 கல்விச் சட்டம் ஆகியவற்றின் வழியாக உருவான அமைப்பு இது. தொடக்கக்கல்வியைத் தாய்மொழியிலும் படிக்கலாம். அரசாங்க இடைநிலைக்கல்வி எல்லாருக்கும் ஒரே பள்ளியில், ஒரே பாடத்திட்டத்தில். 1970-இல் ஆங்கிலவழிப் பள்ளிகளின் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாகத் தொடங்கிய மலாய்மொழி வழிக் கல்வி, 1980-களின் தொடக்கத்தில் ஆறாம் படிவம் வரை எட்டியது. அதன்பிறகு நாட்டின் பிள்ளைகள் பெருமளவில் சந்தித்துக்கொள்ளும் இடம் இடைநிலைப்பள்ளியின் படிவம் 1 முதல் 5 வரையிலான இந்த ஐந்து ஆண்டுகள்தாம்.

ஒரே கூரையின்கீழ் சேர்த்துவிட்டால் பழகிவிடுவார்கள் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டைச் சபைகூடலில் எல்லாரும் சேர்ந்துதான் சொல்கிறார்கள். சொல்லி முடித்துக் கலையும்போது தனித்தனிக் கூட்டமாகப் போகிறார்கள் என்றால், அதற்கான காரணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் தேடுவதற்குமுன் பள்ளி அலுவலகத்தில் தேட வேண்டும். வகுப்புப் பட்டியல், கால அட்டவணை, புறப்பாடப் பதிவு, பேருந்து நேரம் ஆகிய நான்கும்தான் யார் யாரோடு பழகுவார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. நான்குமே பள்ளியின் கையில் இருப்பவை.

பட்டியல் போடும்போதே

படிவம் 1-இல் மதிப்பெண் வரிசைப்படி வகுப்பு பிரிப்பது பழைய பழக்கம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் பள்ளிகள் தாங்களே ஒரு தேர்வு வைத்து இப்படிப் பிரிப்பதுண்டு. அந்தத் தேர்வு முழுக்க மலாய்மொழியில் இருந்தால் விளைவு முன்பே தெரிந்ததுதான். கணிதத்தில் கெட்டிக்காரியான தமிழ்ப்பள்ளி மாணவிகூட மலாய்க் கட்டுரையில் மதிப்பெண் இழந்து கடைசி வகுப்புகளில் போய் விழுவாள். இப்படி விழுபவர்கள் ஒரே வகுப்பில் திரள, ஓரிரு மாதங்களில் அந்த வகுப்புக்கு ஓர் இனத்தின் பெயர் வந்துவிடும். ஆசிரியர்கள் அறையிலும் அதே பெயர் புழங்கும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஐந்தாம் படிவம் வரை அது போகாது.

இதற்கு மாற்றாகப் பாம்பு வரிசை முறை நன்றாக வேலை செய்கிறது. மலாய்மொழி மதிப்பெண்ணைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கணிதம், அறிவியல் இரண்டின் கூட்டுத்தொகையில் எல்லாரையும் வரிசைப்படுத்த வேண்டும். ஆறு வகுப்புகள் என்றால் முதல் ஆறு பேர் 1 முதல் 6 வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த ஆறு பேர் 6-இலிருந்து திரும்பி 1 வரையிலும் போவார்கள். கடைசிப் பெயர் வரை இப்படியே. பிறகு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண் உள்ளவர்களுக்குள் மட்டும் இடம் மாற்றி, ஆண் பெண், இனம், வந்த பள்ளி ஆகிய மூன்றையும் சமன்செய்ய வேண்டும். ஒரே தொடக்கப்பள்ளியிலிருந்து வந்த பத்துப் பேரை ஒன்றாக விட்டால், எந்த இனமானாலும் அவர்கள் வேறு யாரோடும் பேச வேண்டிய தேவை வராது.

சமமாகப் பரப்புவது என்றால் எல்லா வகுப்புக்கும் இரண்டு இரண்டு பேரைத் தூவுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் கெடுதிதான். வகுப்பில் தன் மொழி பேசும் துணை இல்லாமல் தனித்துவிடப்பட்ட பிள்ளை, ஓய்வு நேரம் வந்ததும் பக்கத்து வகுப்பிலிருக்கும் தன் கூட்டத்தைத் தேடி ஓடிவிடும். சொந்த வகுப்பில் ஒட்டவே ஒட்டாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படிவம் 1-இல் 180 பேர், வகுப்புக்கு 30 பேராக ஆறு வகுப்புகள். 120 முஸ்லிம் மாணவர்கள், 36 சீன மாணவர்கள், 24 தமிழ் மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 தமிழ் மாணவரை ஒரே வகுப்பில் போட்டால் கால அட்டவணை எளிது, ஆனால் அது தனித்தீவு. ஆறு வகுப்புக்கும் நான்கு நான்காகப் பிரித்தால் ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டு பேர்தான் மிஞ்சுவர். நான்கு வகுப்புகளில் ஆறு ஆறு பேராக வைப்பது பொருத்தம். மீதி இரண்டு வகுப்புகளில் தமிழ் மாணவர் இல்லாத குறையைப் புறப்பாடத்தில் சரிசெய்து கொள்ளலாம். ஆண்டுதோறும் வகுப்பைக் கலைத்துப்போடவும் வேண்டாம். வேற்றுமொழித் தோழமை முற்ற நேரம் எடுக்கும். மூன்றாம் படிவம் வரை அப்படியே விட்டுவிடுவது நல்லது. நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதே எப்படியும் வகுப்பைக் கலைத்துவிடும்.

நன்னெறி, இஸ்லாமியக் கல்வி, தமிழ்

பெற்றோர்கள் கவனிக்காத இடம் கால அட்டவணை. இஸ்லாமியக் கல்வி நேரம் வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் அல்லாதவர்கள் நன்னெறிக் கல்விக்குப் போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர், இரண்டு அறை தேவை. நன்னெறி ஆசிரியர் குறைவாக இருக்கும் பள்ளியில் அட்டவணை போடுபவர் சுருக்கு வழியாக முஸ்லிம் அல்லாத எல்லாரையும் ஓரிரு வகுப்பில் அடைத்துவிடுவார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆள் பற்றாக்குறை மட்டுமே. விளைவு என்னவோ ஒன்றுதான்: மதம் ஒரு பாடத்தில் பிரிக்க வேண்டியவர்களைப் பள்ளி எல்லாப் பாடத்திலும் பிரித்துவிடுகிறது.

வகுப்புகளை மூன்று மூன்றாக இணைத்தால் இது தீரும். மேலே சொன்ன கணக்கில் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். தமிழ் மாணவர் உள்ள இரண்டு வகுப்புகளும் அவர்கள் இல்லாத ஒரு வகுப்பும் ஒரு கட்டு. மறு கட்டும் அப்படியே. ஒரு கட்டில் முஸ்லிம் மாணவர் 60 பேர், முப்பது முப்பதாக இரண்டு ஆசிரியரிடம் போவார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் 30 பேர், ஒரே நன்னெறி ஆசிரியர் போதும். அறையும் மூன்றுதான், புதிதாக எதுவும் தேவையில்லை. இதைச் செய்ய, அட்டவணைக்கான கணினிச் செயலியில் மற்றப் பாடங்களைப் போடுவதற்கு முன்பே இந்தக் கட்டுகளைப் பூட்டிவிட வேண்டும். கடைசியில் நுழைக்கப் பார்த்தால் இடமே இருக்காது, பிறகு பழைய வழிக்கே திரும்புவார்கள்.

தமிழ்மொழிப் பாடத்துக்கும் இதே விதிதான். 1996 கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் அல்லது சீனமொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். கேட்கும் நேரத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பள்ளி தொடங்கிச் சில வாரம் கழித்துக் கடிதம் கொடுத்தால் அட்டவணை ஏற்கெனவே முடிந்திருக்கும், பதிலாக மாலை வகுப்புதான் கிடைக்கும். படிவம் 1 பதிவு நாளன்றே ஒரு மேசை போட்டு, மாணவர் பெயர், அடையாள அட்டை எண், பெற்றோர் கையொப்பம் மூன்றையும் ஒரே தாளில் வாங்கி, அன்றே பள்ளி முதல்வரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு படி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் போகட்டும். அங்கிருந்துதான் ஆசிரியர் வர வேண்டும். விண்ணப்பத்தில் 15 பேர் மட்டும் இருந்தால் இரண்டு பேர் பள்ளி மாறியதும் கணக்கு உடைந்துவிடும். ஆகவே இருபது பெயருக்குக் குறையாமல் சேர்ப்பது பாதுகாப்பு.

மாலை வகுப்பு ஏன் ஆகாது? தோட்டப்புறத்திலிருந்தும் தொலைவான தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும்) வரும் பிள்ளைகளின் பேருந்து, பள்ளி முடிந்த சில நிமிடங்களில் கிளம்பிவிடும். தமிழுக்காக இருந்தால் பேருந்து போய்விடும். பேருந்தைப் பிடித்தால் தமிழ் போய்விடும். இப்படித்தான் மூன்றாம் படிவத்துக்குள் பலர் தமிழை விட்டுவிடுகிறார்கள். பாடத்தைப் பள்ளி நேரத்துக்குள், கூடுமானால் நாளின் நடுவில் வைக்க வேண்டும். அந்த வேளையில் மற்ற மாணவர்களுக்கு வழிகாட்டலுடன் வாசிப்பு, பயிற்சி என்று கொடுக்கலாம். புதுப் பாடம் மட்டும் நடத்தக் கூடாது. நடத்தினால் தமிழ் படிப்பவன் வரலாற்றில் பின்தங்குவான், பழியைத் தமிழ் சுமக்கும்.

தாய்மொழிப் பாடம் ஒற்றுமைக்கு இடைஞ்சல் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் அனுபவம் நேர்மாறானது. தன் மொழிக்கு அட்டவணையில் ஓர் இடம் இருப்பதைக் காணும் பிள்ளை, இந்தப் பள்ளி தனக்கும் உரியது என்று நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் பிள்ளைதான் மற்றவரோடு அச்சமில்லாமல் பழகும்.

புகுமுக வகுப்பு

தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவரில் மலாய்மொழி அடைவு போதாதவர்கள் பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்துவிட்டு படிவம் 1-க்குப் போகிறார்கள். மலாய் கற்பதற்கான இந்த வகுப்பில் மலாய் பேசும் மாணவர் ஒருவர்கூட இருப்பதில்லை. இதன் பெரிய பலவீனம் அதுவே. ஆண்டு முழுக்க தமிழிலேயே பேசிவிட்டு, எழுத்தில் மட்டும் மலாய் கற்றால் வாய் திறக்காது.

உடற்கல்வி, ஓவியம், புறப்பாடம் ஆகியவற்றைப் படிவம் 1 வகுப்பு ஒன்றோடு சேர்த்து நடத்தினால் வாரத்தில் சில மணி நேரமாவது பேச்சு நடக்கும். வகுப்பறையைப் பள்ளியின் ஒதுக்குப்புறக் கட்டடத்தில் வைக்காமல் படிவம் 1 வகுப்புகளின் வரிசையிலேயே வைக்க வேண்டும். சபைகூடலிலும் அவர்களோடே நிற்கட்டும். வாரம் மூன்று நாள் இருபது நிமிடம் இணை வாசிப்பு: ஒரு படிவம் 2 மாணவர், ஒரு புகுமுக மாணவர், ஒரு பக்கம். ஒருவர் வாசிக்க மற்றவர் அதைத் தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழை திருத்துவது வாசிப்பு முடிந்த பிறகுதான். இடையில் நிறுத்தித் திருத்தினால் பலர் மறுநாள் வரமாட்டார்கள்.

கடைத்தெருவில் பேசும் மலாய் வேறு, வரலாற்றுப் புத்தகத்து மலாய் வேறு. முன்னதில் சரளமாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து இவனுக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று ஆசிரியர் விட்டுவிடுவார். அவன் தடுமாறுவது பாடச் சொற்களில். வரலாறு, அறிவியல், புவியியல் மூன்றிலும் வாரத்துக்குப் பத்துச் சொல் வீதம் சிறு அட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் சொல்லவைத்தால் ஆண்டு முடிவில் படிவம் 1 புத்தகம் அந்நியமாக இருக்காது. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். இந்த இரண்டில் ஒன்றில் தோற்றுச் சான்றிதழ் இல்லாமல் வெளியேறும் இளைஞரிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேச நமக்கு வாய் வராது.

இருக்கையும் குழுவும்

வகுப்பில் குழு பிரிக்கப் பெயர்ப்பட்டியல் வரிசையைப் பயன்படுத்துவது ஆசிரியர்களின் இயல்பான வழக்கம். அகர வரிசையில் முஹம்மது, நூர், சித்தி என்று தொடங்கும் பெயர்கள் ஒன்றாகத் திரளும். லிம், தான், வோங் என்று குடும்பப் பெயரில் தொடங்குபவை தனியே சேரும். யாரும் நினைக்காமலேயே குழுக்கள் இனவாரியாக அமைந்துவிடும். மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டாலும் அதே முடிவுதான். வகுப்பாசிரியர் நான்கு பேர் கொண்ட குழுக்களைத் தாமே அமைத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரந்தோறும் மாற்றினால் பெயர் தெரிவதற்குள் பிரிந்துவிடுவார்கள். வேலையும் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். எழுதுபவர், பேசுபவர், அளப்பவர், பொருளுக்குப் பொறுப்பாளர் என்ற நான்கு பொறுப்புகளும் சுழல வேண்டும். இல்லாவிட்டால் மலாயில் தேர்ந்தவரே எப்போதும் பேசுவார்; மற்றவர் அட்டையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்.

குழுப் பணிக்கு வரலாறு வளமான பாடம். ரப்பரை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள், 1890-களில் மலாக்காவில் வணிகத் தோட்டம் போட்ட சீன வணிகர் தான் சாய் யான், காட்டை அழித்துப் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள், தங்கள் சிறு நிலத்தில் ரப்பர் வைத்த மலாய்க் குடியானவர்கள் என எல்லாரும் ஒரே கதையில் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டு மூத்தவரிடம் ஐந்து கேள்வி கேட்டு வந்து, நான்கையும் ஒரே கால வரிசையில் கோக்க வேண்டும். மூன்று வாரம் கொடுக்கலாம். முதல் வாரம் கேள்விகளைத் திருத்தவே போய்விடும். “பழைய காலம் எப்படி இருந்தது” என்று கேட்டால் ஒரு வரிதான் பதில் வரும். “காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சம்பளம் யார் கையில் வாங்கினீர்கள்” என்று கேட்டால் தாத்தா பேசத் தொடங்குவார்.

புறப்பாடம்

ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டில் சேர வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்குப் போகிறது. முந்துபவர்க்கு இடம் என்று பதிவு வைத்தால் நண்பர்கள் கைகோத்து வந்து ஒரே இயக்கத்தில் பெயர் கொடுப்பார்கள். மூன்று விருப்பங்களை எழுதி வாங்கிக்கொண்டு, இடத்தை ஆசிரியர் ஒதுக்க வேண்டும். புத்ரி இஸ்லாம் இயக்கத்தில் இயல்பாகவே முஸ்லிம் மாணவிகள் சேர்வதால், பெண் சாரணியரிலும் செம்பிறைச் சங்கத்திலும் மற்றவர்களே மிஞ்சும் நிலை சில பள்ளிகளில் உண்டு. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அணிவகுப்புப் பயிற்சி, முதலுதவி, முகாம் மூன்றையும் எல்லா இயக்கங்களுக்கும் பொதுவாக நடத்தினால் போதும்.

விளையாட்டுகளும் இப்படியே பிரியும்: கூடைப்பந்து சீன மாணவர்க்கு, செப்பாக் தக்ரோ மலாய் மாணவர்க்கு என்று யாரோ எழுதி வைத்ததுபோல. படிவம் 1-இல் மட்டும் நான்கு வாரத்துக்கு ஒரு விளையாட்டு எனச் சுழற்றிவிட்டு, அதன்பிறகு தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தக் கோடு அழியத் தொடங்கும்.

பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் கொண்டாட்டங்களில் உடை அணிந்து படம் எடுத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. ஆயத்த வேலையில்தான் பழக்கம் பிறக்கிறது. வண்ண அரிசிக் கோலம் ஒன்றைப் போட இரண்டு மணி நேரம் தரையில் குனிந்திருக்க வேண்டும். அங்கே பேச்சு தானாக வரும். தமிழ்மொழிக் கழகம் கோலத்துக்குக் குழு அமைக்கும்போது பாதிப் பேரை வேற்றின மாணவராகவே அழைக்கட்டும்.

பல்வகைப் பள்ளிகளை இணைக்கும் ரிமுப் திட்டத்துக்கும் இது பொருந்தும். ஒருநாள் வருகை, உரை, உணவு, படம் என்றால் மறந்துபோகும். இரண்டு பள்ளியும் கலந்த அணிகள் ஒரு பருவம் முழுக்க விளையாடினால்தான் பெயர் நினைவில் நிற்கும்.

முகாம் சமையலில் மாட்டிறைச்சியைத் தவிர்த்து, ஹலால் கோழியோடு, தனிப் பானையும் தனிக் கரண்டியுமாகச் சைவம் ஒன்று வைத்துவிட்டால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரலாம். ரமலான் மாதத்தில் சிற்றுண்டிச்சாலை திறந்தே இருக்க வேண்டும். நோன்பில்லாத பிள்ளைகளை மறைவான மூலையில் உண்ணச் சொல்வது இரு தரப்புக்கும் தவறான பாடம். தைப்பூசம் எல்லா மாநிலத்திலும் பொதுவிடுமுறை அல்ல. பள்ளித் தேர்வு நாளைக் குறிக்குமுன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சண்டை வந்தால்

இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது இருவர் சண்டை. அரை மணி நேரத்தில் விசாரிக்காவிட்டால் அது இரண்டு இனத்தின் சண்டையாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவிவிடும். உடனே இருவரையும் தனித்தனி அறையில் வைத்து, நடந்ததை எழுதச் சொல்ல வேண்டும். தடுமாறுபவர் தமிழிலோ சீனத்திலோ எழுதட்டும், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். விசாரிக்கும் ஆசிரியர் இருவர், வெவ்வேறு இனத்தவராக இருப்பது முக்கியம். பேச்சில் “உங்க ஆளுங்க” என்ற சொல் ஆசிரியர் வாயிலிருந்து வரவே கூடாது. தண்டனை குற்றத்துக்கு ஏற்ப, இருவருக்கும் ஒரே அளவுகோலில். இரு வீட்டாரையும் அன்றே அழைத்து, முதலில் தனியாகவும் பிறகு ஒன்றாகவும் பேச வேண்டும். மறுநாள் சபைகூடலில் பொத்தாம்பொதுவாக ஒற்றுமை உரை ஆற்றுவதைத் தவிர்க்கலாம். தெரியாதவர்களுக்கும் அது செய்தியைச் சொல்லிவிடும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க

இரண்டாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சீட்டு கொடுத்து, அடுத்த குழுப் பணிக்கு யாரோடு சேர விருப்பம் என்று மூன்று பெயர் எழுதச் சொல்ல வேண்டும். இனம் என்ற சொல் சீட்டில் எங்கும் வரக் கூடாது. வந்தால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலை எழுதுவார்கள். மூன்றில் எத்தனை பெயர் வேற்றினத்தவர் என்று மட்டும் கணக்கெடுத்து, இரண்டு மாதங்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் ஏறி, அடுத்த வகுப்பில் ஏறாமல் நின்றால், முதலில் அந்த வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். குழு ஆண்டு முழுக்க மாறாமலே இருந்திருப்பது அநேகமாக அங்கே தெரியும். தன் பெயரை எவரும் எழுதாத பிள்ளை ஓரிருவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களின் பெயரை வகுப்பாசிரியரும் ஆலோசக ஆசிரியரும் மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த குழு மாற்றத்தில் அதிகம் பேர் விரும்பிய மாணவர் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும். சீட்டுகளைக் கணக்கு முடிந்ததும் கிழித்துவிடுங்கள். மாணவர் கண்ணில் பட்டால் அடுத்த முறை எவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.